ரெண்டு காம்பரா

நிஷாந்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் காதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. காதில் கோளாறு ஒன்றும் இல்லை. இரண்டு காதுகளுக்கும் நடுவில் இருக்கிற மண்டையில்தான் கோளாறு. போனில் ஒரு பெரியவர் சொன்ன ஒரே ஒரு சொல்லை நான் தப்பாக விளங்கிக்கொண்டேன். அதனால் நிஷாந்தி நான்கு வருஷமாக ஆசைப்பட்டுத் தெரிவு செய்து வைத்திருந்த லென்சும் லைட்டும் அவள் கைக்கு வராமல் போயின. ஒரு தாய் தன் மகளின் கலியாண வீடியோவில் இல்லாமலே போயிருப்பார். கடைசியில் அப்படி நடக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை.

என் பெயர் றோலண்ட். அக்கரப்பத்தனை டவுனில் ஓட்டோ ஓட்டுகிறேன். நிஷாந்திக்கு வீடியோ வேலை வரும் நாட்களில் அவளையும் அவளுடைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போவது, போன இடத்தில் லைட் பிடிப்பது, பந்தியில் நல்ல இடமாகப் பார்த்து உட்காருவது, இந்த மூன்றும் என் பொறுப்பு. மூன்றாவதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிஷாந்திக்கு இப்போது முப்பத்தாறு வயது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதுதான் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து, உயர்தரம் வரை படித்து, ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை, கம்ப்யூட்டரில் முகங்களை வெளுப்பாக்குவது. கலியாணப் பெண், வயசுக்கு வந்து சடங்கான பிள்ளை, ஞானஸ்நானம் வாங்கின குழந்தை, எல்லோரையும் அவள் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்து அனுப்ப வேண்டும். “இந்த மலையில பாதிப் பேர வெள்ளக்காரியாக்குனது நான்தான் அண்ணே. கடவுள் கணக்குக் கேட்டா என்னா சொல்றதுன்னே தெரியல” என்பாள். சொல்லும்போது சிரிப்பாள். ஆனால் அந்த வேலையை அவள் விட்டது சிரித்துக்கொண்டு இல்லை.

அவளுடைய சொந்தக் கலியாணத்தை அதே ஸ்டூடியோக்காரர்கள்தான் எடுத்தார்கள். மூன்று மணி நேர வீடியோ. அதில் அவளுடைய அம்மா மொத்தம் மூன்று செக்கன் வருகிறார். முழுதாகக்கூட இல்லை. கதவோரத்திலிருந்து ஒரு கை வந்து தாம்பாளத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. நாலு கண்ணாடி வளையல் போட்ட கை. அம்மா அன்று முழுக்க அடுப்படியில் நின்றிருக்கிறார், அடுப்படி இருட்டு என்று கேமராக்காரர் அந்தப் பக்கம் போகவே இல்லை. மறு வருஷம் அம்மா இறந்துபோனார். நிஷாந்தி அந்த மூன்று செக்கனை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். ஒருமுறை நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிறகு ஓட்டோவைத் துடைக்கப் போகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் ஸ்டூடியோ வேலையை விட்டாள். டவுனில் ஒரு கடையின் பின்னறையை வாடகைக்கு எடுத்து, பழைய பெரிய கேமரா ஒன்றோடு தொழிலைத் தொடங்கினாள். அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் முதலில் அடுப்படிக்குப் போவாள். தேங்காய் துருவுகிறவர், அப்பளம் பொரிக்கிறவர், பாத்திரம் கழுவுகிறவர் எல்லோரையும் முகம் தெரிய எடுத்த பிறகுதான் மணவறைப் பக்கம் வருவாள். சடங்கு வீடுகளுக்கு அவளைத் தேடிக் கூப்பிட்டார்கள். பெண் பிள்ளைகள் இருக்கிற அறைக்குள் ஆம்பிளைக் கேமராக்காரன் நுழைவதைவிட இவள் நுழைவது நல்லது என்று வீட்டுக்காரர்கள் நினைத்தார்கள்.

அடுப்படியை எடுக்க வெளிச்சம் வேண்டுமே. தொடக்கத்தில் எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஹலஜன் லைட். அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் என் புருவம் கருகும். ஒரு சடங்கு வீட்டில் அதைச் செருகி சுவிட்சைப் போட்டேன். லயம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. பன்னிரண்டு வீட்டு டீவியும் ஒரே நேரத்தில் அணைந்தது, அதுவும் நாடகம் போகிற நேரத்தில். அன்று நானும் நிஷாந்தியும் சாப்பிடாமலே கிளம்பினோம்.

அந்த நாளில்தான் அவள் புதிதாகச் சாமான் வாங்குவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததற்கும் கடைக்குப் போனதற்கும் நடுவில் காசு சேர்க்க நான்கு வருஷம் ஆனது. இந்த நான்கு வருஷமும் அவள் போனில் கேமராக்களைப் பற்றிய வீடியோவாகப் பார்த்தாள். எனக்கும் சொல்லிக்கொண்டே இருப்பாள். பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கிறதாம், படம் எடுக்கும்போது அது டக்கென்று எழும்பி விழுகிறதாம். இப்போது வருகிற சின்னக் கேமராக்களில் அந்தக் கண்ணாடியே இல்லை. அதனால் உடம்பு சிறுத்து, பாரம் குறைந்து, சத்தமும் இல்லாமல் போய்விட்டது. நெரிசலான வீட்டில் யாருடைய தலையிலும் இடிக்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். நடக்கிற ஆட்டத்தை உள்ளே இருக்கிற பொறியே சமாளித்துக்கொள்ளும். நம் மலையில் எந்த வீட்டு வாசலுக்கும் படி ஏறாமல் போக முடியாது, ஆகையால் இது முக்கியம் என்றாள்.

கடைசியில் ஒருநாள் கண்டிக்குப் போனோம். நிஷாந்தி கைப்பையில் ஒரு தையல் டேப்பும் ஒரு சோக்குக் கட்டியும் கொண்டுவந்திருந்தாள். கடைக்காரர் சிங்களவர், பொறுமையான மனிதர். அவள் சிங்களத்தில், “பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குத் தோதாக வேண்டும்” என்று கேட்டாள். சிங்களத்தில் அறைக்கு ‘காமரய’, கேமராவுக்கு ‘கெமராவ’. மனிதர் குழம்பிப்போய் இன்னொரு கேமராவை எடுத்து மேசையில் வைத்தார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கான கூலி எனக்கு இரண்டே மாதத்தில் கிடைத்தது.

பேசிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்ததும் அவள் டேப்பைப் போட்டு அளந்து, கடைத் தரையிலேயே சோக்கால் ஒரு லயத்து அறையை வரைந்தாள். இங்கே கட்டில், இங்கே அலுமாரி, இங்கே சாமி படம். என்னை மணப்பெண்ணாக நடுவில் உட்காரவைத்தாள். கடைக்காரரை அம்மாவாக மூலையில் நிறுத்தினாள். பிறகு சோக்குக் கோட்டில் முதுகை வைத்துக்கொண்டு, வந்த லென்சை எல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். கேமராவோடு சும்மா வருகிற லென்சில் நான் மட்டும் தெரிந்தேன். முகத்தை அழகாகக் காட்டுகிற லென்சில் என் மூக்கு மட்டும் தெரிந்தது. அகலமாகப் பார்க்கிற ஒரு குட்டி லென்சைப் போட்டதும் நான், கடைக்காரர், கட்டில், சாமி படம் எல்லோரும் ஒன்றாக உள்ளே வந்துவிட்டோம். அதற்கு இருட்டிலும் நல்ல கண். ஓரத்தில் நிற்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் பூசணிக்காய் மாதிரி தெரிவார்களாம். “மாப்பிள்ளையோட அம்மாவ ஓரத்துல நிப்பாட்டக் கூடாது அண்ணே, அவ்வளவுதான்” என்றாள்.

லைட்டுக்கு அவளிடம் வேறு பரீட்சை. நெற்றியிலிருந்த குங்குமத்தைத் தொட்டு முன்கையில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எல்ஈடி லைட்டுக்கும் கையை நீட்டினாள். ஒன்றில் குங்குமம் செங்கல் மாதிரித் தெரிந்தது. ஒன்றில் அவள் கை பச்சை பாய்ந்து, காய்ச்சல்காரி கை மாதிரி இருந்தது. பற்றரியில் எரிகிற ஒன்றில்தான் குங்குமம் குங்குமமாகவும் கை அவளுடைய கையாகவும் இருந்தன. “இதுதான். என் நெறம் எனக்கே தெரியுது” என்றாள். ஒரு கேமரா, அந்த அகல லென்ஸ், அந்த லைட். நாங்கள் காசோடு திரும்பி வரும்வரை கடைக்காரர் எடுத்து ஒதுக்கி வைப்பதாகச் சொன்னார். தரையிலிருந்த சோக்குக் கோட்டை அவர் அழிக்கவில்லை, நாங்கள் வெளியே வரும்வரை அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றித்தான் நடந்தார்.

இங்கேதான் என் மண்டை உள்ளே வருகிறது.

ஒருநாள் நிஷாந்தி காதில் ஹெட்போனோடு எடிட் பண்ணிக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது, நான் எடுத்தேன். மறுபக்கம் அழகன் என்று ஒரு பெரியவர். டவுனுக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் பிரிவில் இருக்கிறார். அடுத்த மாதம் மகள் தனுஜாவுக்குக் கலியாணம்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லிப்புடுறேன். ரெண்டு காம்பராவும் எடுக்கணும்” என்றார். “ஒரு காம்பராவோட முடிச்சிட்டுப் போயிறக் கூடாது. எனக்கு ரெண்டாவதுதான் முக்கியம்.”

கேமராவைத்தான் பாவம் மனிதர் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். தோட்டத்திலும் இப்போது ரெண்டு கேமரா கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்களே என்று பெருமையாகக்கூட இருந்தது. “ரெண்டா வரும் ஐயா, கவலப்படாதீங்க” என்றேன். அவர் குரல் அப்படியே இளகிவிட்டது. “அது போதும் தம்பி. நல்லா இருப்பீங்க” என்றார்.

லயத்தில் காம்பரா என்றால் வீட்டு அறை. லயத்துக் காம்பரா, முன் காம்பரா, பின் காம்பரா. நான் அதில் ஒன்றில் பிறந்தவன், இருபத்தாறு வயது வரை அதில் ஒன்றில் படுத்து எழும்பினவன். டவுனில் வீடு எடுத்து வந்து ரூம், ரூம் என்று சொல்லிச் சொல்லி, என் அப்பா அம்மா வாயிலிருந்த சொல்லை எனக்குப் படிக்காத மனுஷனின் தப்பாகக் கேட்டிருக்கிறது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் நிஷாந்தி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். வாடகைக்கு இன்னொரு கேமரா எடுக்கலாமா என்று ஹட்டன் வரை விசாரித்தோம். பெரிய முகூர்த்த நாள், ஒன்றும் மிச்சமில்லை. பழைய பெரிய கேமரா பாதி விசேஷத்தில் நின்றுபோகிற நிலைமைக்கு வந்திருந்ததால் அதை ரெண்டாவதாக நம்பிக் கொண்டுபோக முடியாது. இரண்டு கேமரா வாங்கினால் லென்சுக்கும் லைட்டுக்கும் காசு மிஞ்சாது. “அவங்க வீட்டுக் கலியாணம் அண்ணே. அவங்க கேக்குறத நம்ம கொண்டு போகணும்” என்றாள். திரும்பவும் கண்டிக்குப் போய், யாரோ பாவித்த சின்னக் கேமரா இரண்டை, சும்மா வருகிற லென்சோடு வாங்கினோம். கடைக்காரர் அந்த அகல லென்சைத் திரும்ப அலுமாரியில் வைத்தபோது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கலியாண நாள் காலையில் நாங்கள் மேல் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் இறங்கி, லயத்தின் அடுத்த முனையே தெரியவில்லை. அது பழைய இரட்டை லயம். முன்பக்கம் பன்னிரண்டு காம்பரா, அவற்றின் முதுகோடு ஒட்டி பின்பக்கம் பன்னிரண்டு காம்பரா, நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து நூறு வயசு என்பார்கள். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகக் கதவு கிடையாது, லயத்தையே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

முன்வாசலில் பந்தல், அதன் கோடியில் மணவறை. அழகன் ஐயா ஓடிவந்து நிஷாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க தாயி. இது முன் காம்பரா, மகள் இங்கதான் இருக்கு. மொதல்ல பின் காம்பராவுக்குப் போயிருவோம். ரெண்டையும் எடுக்கணும்னு போன்லயே தம்பிகிட்ட சொன்னேன்.”

நிஷாந்தி தோளில் தொங்கிய இரண்டு கேமராப் பைகளையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை, “லைட்டு இல்லாம போச்சே அண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியவரின் பின்னால் நடந்தாள்.

அவர்களுடைய இரண்டாவது காம்பராவான அந்தப் பின் காம்பராவில் கட்டிலில் தனுஜாவின் அம்மா அம்மாக்கண்ணு அக்கா மல்லாக்கப் படுத்திருந்தார். ஐந்து வாரத்துக்கு முன்னால் கொழுந்துப் பையோடு கான் தாண்டும்போது, அதுதான் மலையில் தண்ணீர் போக வெட்டியிருக்கிற வாய்க்கால், வழுக்கி விழுந்து இடுப்பில் எலும்பு உடைந்திருந்தது. காலில் கயிறு கட்டி, கட்டில் முனையில் பாரம் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னும் மூன்று வாரத்துக்கு அசைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை பிரதாப்புக்கு கட்டாரில் வேலை, பத்து நாளில் விமானம் ஏற வேண்டும். கலியாணத்தைத் தள்ளவும் முடியாது, அக்காவைத் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றி வரவும் முடியாது. பட்டுச் சேலையை அவர் மேலே போர்வை மாதிரி விரித்து, தலையில் பூ வைத்திருந்தார்கள். மகள் மணவறைக்குப் போகுமுன் இங்கே வந்து ஆசீர்வாதம் வாங்குவாள், அதை எடுக்க வேண்டும், அதற்காகத்தான் பெரியவர் அவ்வளவு அழுத்திச் சொன்னது.

காம்பராவுக்குள் ஒரே ஒரு பல்ப், அதுவும் அழுது வடிந்தது. நிஷாந்தி சுவரோடு முதுகை ஒட்டி நின்று பார்த்தாள். அக்காவின் முகம் வந்தால் வாசல் வரவில்லை, வாசல் வந்தால் அக்காவின் முகம் இல்லை. இருட்டில் அந்த லென்ஸ் எதையும் தெளிவாகப் பிடிக்க முடியாமல் தடவிக்கொண்டே இருந்தது. கண்டியில் சோக்கால் வரைந்து பார்த்ததெல்லாம் இந்த ஒரு அறைக்குத்தான், அந்த அறைக்கு வந்தபோது கையில் அந்த லென்ஸ் இல்லை. அவளுடைய அம்மாவின் கை எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும்.

கொஞ்ச நேரம்தான் அப்படி நின்றாள். பிறகு கதவை முழுக்கத் திறந்து, அறையை விட்டு வெளியே வந்து, வாசல் இஸ்தோப்பையும் தாண்டி, முன்னால் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். லயத்துக்காரர்கள் வாசல் விறாந்தையை இஸ்தோப்பு என்பார்கள். அங்கிருந்து கதவு வழியாகப் பார்த்தால் கட்டில் முழுவதும் தெரிந்தது. “அண்ணே, ஒரு வெள்ளை பெட்ஷீட் வாங்கிட்டு வாங்க.” பக்கத்துக் காம்பராவில் கேட்டு வாங்கி வந்தேன். இஸ்தோப்பு ஓரத்தில் அதை விரித்துப் பிடிக்கச் சொன்னாள். மூட்டத்தின் வெளிச்சம் பெட்ஷீட்டில் பட்டு, கதவுக்குள் போய், அக்காவின் முகத்தில் மெதுவாக விழுந்தது. பற்றரியும் வேண்டியிருக்கவில்லை, யார் வீட்டு டீவியும் அணையவில்லை. கை இரண்டும் விறைத்துப்போன பிறகும் நான் பெட்ஷீட்டைக் கீழே இறக்கவில்லை.

தனுஜா வந்தாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், திருநீறு பூசிக்கொண்டு போனாள். எல்லாம் நன்றாகப் பதிவானது. நிஷாந்தி அதை அக்காவிடம் போட்டுக் காட்டினாள். அக்கா பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்:

“எல்லாரும் என்னையவே படம் புடிக்கிறீங்க தாயி. இதப் பாத்து நான் என்னா பண்ண? எம்புள்ள கழுத்துல தாலி ஏறுறத நான் பாக்கணும்.”

நிஷாந்தி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சுவரைப் பார்த்தாள், சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தாள்.

இந்தச் சின்னக் கேமராக்களில் ஒரு வசதி இருக்கிறது. டேட்டா வேண்டாம், சிக்னல் வேண்டாம், கேமரா பார்ப்பதைப் பக்கத்தில் இருக்கிற ஒரு போனுக்கு அதுவே அனுப்பும். ஆனால் பத்துப் பதினைந்து எட்டு வைக்கிற தூரத்துக்கு மேல் போனால் அறுந்துவிடும். மணவறையோ பந்தலின் கோடியில். ஆகவே ஒரு கேமராவை முன் இஸ்தோப்பில், சுவரோடு ஒட்டினாற்போல முக்காலியில் நிறுத்தி, லென்சை முழுக்க இழுத்து மணவறையைப் பிடித்தாள். அகலமாகப் பார்க்கிற லென்சாக இருந்திருந்தால் அங்கிருந்து மணமக்கள் எறும்பு மாதிரிதான் தெரிந்திருப்பார்கள். போனைப் பின் காம்பராவில் அக்காவின் கண்ணுக்கு நேராக ஒரு கொடியில் கட்டித் தொங்கவிட்டாள். படம் வந்தது. ஒரு செக்கன் பிந்தி வந்தது, ஆனால் வந்தது. இன்னொரு கேமரா அவள் கையில். பெட்ஷீட்டை இரண்டு ஆணியில் மாட்டினாள்.

“முன்னால நீங்க நிக்கணும் அண்ணே. நான் இவங்களோட இருக்கேன்.”

“தாலி கட்டுற நேரத்துல கேமராக்காரி மணவறையில இல்லாம இருப்பாளா? அப்பறம் ஒன்ன யாரு கூப்புடுவாங்க?”

“முக்காலியத் தொடாதீங்க. முன்னால யாரும் வராமப் பாத்துக்கங்க. அது போதும்.”

நான் முன்பக்கம் போய் முக்காலியின் பக்கத்தில் சிலை மாதிரி நின்றேன். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வரும் வரை ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் பந்தல் முழுக்க எழும்பி முன்னால் போய்விட்டது. ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கேமராவுக்கு முன்னால் வெறும் முதுகாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து போய் ஒவ்வொருவராகப் பிடித்து விலக்கினேன். ஐயர் மேளக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அப்போது சுவருக்கு மேலால் ஒரு குரல் வந்தது.

“தெரியல. நீலச் சட்ட மறைக்குது. யாருப்பா அந்த நீலச் சட்ட?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீலச் சட்டை நான்தான். மற்றவர்களை விலக்கப் போய், சரியாகக் கேமராவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தேன். அப்படியே குந்திவிட்டேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் விலகினார்கள், அவர்களுக்கும் முன்னால் நின்றவர்கள் போன்களை இறக்கிவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். லயத்தில் அந்தச் சுவருக்கு மேலால் எத்தனையோ சண்டையும் ஒப்பாரியும் கேட்டவர்கள் அவர்கள். அந்தக் குரல் யாருடையது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிரதாப் தாலியைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்தான். அவன் இன்னும் கட்டவில்லை.

“அத்த, இப்பத் தெரியுதா?”

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேளக்காரர் குச்சியை ஓங்கியபடியே நின்றார். தனுஜா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் அவள் தோள் குலுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் படம் வந்துசேர ஒரு செக்கன் ஆனது. நான் குந்தியபடியே மாதாவை வேண்டிக்கொண்டேன்.

“தெரியுதுப்பா. கட்டு.”

கெட்டிமேளம் முழங்கியது. அவன் கட்டினான். அழகன் ஐயா மகளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது. நீலச் சட்டைதான் துடைக்க உதவியது.

அந்த விஷயம் தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டது. இப்போது கந்தப்பளையிலிருந்துகூட நிஷாந்தியைத் தேடிக் கூப்பிடுகிறார்கள். போனை நான் எடுத்தால் முதலில், “காம்பராவா, கேமராவாங்க?” என்று கேட்கிறேன். அந்த அகல லென்சை அவள் இன்னும் வாங்கவில்லை. கண்டிப் பக்கம் போனால் அந்தக் கடைக்குப் போய் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறாள். கடைக்காரரும் அலுத்துக்கொள்வதில்லை. லைட்டை மட்டும் போன மாதம் வாங்கிவிட்டாள்.

கலியாணம் முடிந்த அடுத்த வாரம் அவள் எடிட் பண்ணும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையை இரண்டாகப் பிரித்திருந்தாள். ஒரு பக்கம் மணவறை, மற்றப் பக்கம் பின் காம்பரா. இரண்டு கேமராவிலும் கேட்ட மேளச் சத்தத்தை வைத்து இரண்டையும் ஒன்றாகப் பொருத்தியிருந்தாள். மணவறையில் மூன்றாவது முடிச்சு விழுகிறது, எல்லோரும் அரிசி தூவுகிறார்கள். அந்த நேரத்தில் அம்மாக்கண்ணு அக்கா கையில் அரிசியை மூடிப் பிடித்தபடி போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்க்கிற போனில் இன்னும் தாலி கட்டி முடியவில்லை. பிறகுதான் அவர் முகம் மாறுகிறது, கை எழும்புகிறது. படுத்தபடியே தூவிய அரிசி போன் கண்ணாடியில் பட்டுச் சிதறுகிறது.

“ஒரு செக்கன் பிந்துது தங்கச்சி. அவங்க பக்கத்தக் கொஞ்சம் முன்னால இழுத்து விட்டா எல்லாரோடயும் ஒண்ணாப் போட்ட மாதிரி வருமே” என்றேன்.

நிஷாந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வேணாம் அண்ணே. அவங்க பாத்தப்பதான் அவங்க மகளுக்குக் கலியாணம் நடந்துச்சு. அத நம்ம மாத்தக் கூடாது.”

அந்த ஒரு செக்கன் இன்னும் அந்த வீடியோவில் அப்படியே இருக்கிறது. முதலில் ஊரே அரிசி தூவுகிறது. அது விழுந்து முடிந்த பிறகு அம்மாக்கண்ணு அக்கா தூவுகிறார். அவர் கை தெரிகிறது, கையோடு அவர் முகமும் தெரிகிறது.